இலையை மூடிய கைகள்

நானூறு பேருக்குச் சாம்பார் வைக்க எனக்குத் தெரியும். வாயில் வைத்துப் பார்க்காமலே உப்புப் போடத் தெரியும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுத வந்தேன். பொய் எதற்கு, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். தொழில் தேகண்டம். கல்யாணம், பூணூல், அறுபதாம் கல்யாணம் என்று எந்த விசேஷச் சமையலையும் திருவனந்தபுரத்தில் எங்கள் தெருக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். வலியசாலையில் வீடு. என் கூட வேலைக்கு ஆறு பேர். முகூர்த்த நாள் என்றால் விடிவதற்கு முன்பே அடுப்பு மூட்டிவிடுவோம். பதினொரு மணிக்கு முதல் பந்தி. இன்றுவரை, ஒரே ஒரு தடவை தவிர, என் பந்தி ஐந்து நிமிஷம் தாமதித்ததில்லை.

அப்படிப்பட்டவனுக்குப் பிறந்த ஒரே பெண், இரண்டரை வயதில், ஒரு வாய்ப் பருப்புசாதத்தை முக்கால் மணி நேரம் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். விழுங்க மாட்டாள், துப்பவும் மாட்டாள். ஒரு பக்கக் கன்னம் மட்டும் வீங்கியிருக்கும். அதோடு தூங்கியும் போய்விடுவாள்.

"வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியன் பிள்ளை சீக்கு. தேகண்டக்காரன் பிள்ளை பட்டினின்னு அதையும் சேர்த்துக்க வேண்டியதுதான்" என்று அடுத்த வீட்டு மாமி என் காதுபடவே சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். வீட்டுக்குள் வந்து கையில் இருந்த கிண்ணத்தை நங்கென்று வைத்தேன்.

குழந்தைக்குச் சாதம் ஊட்டுகிற பொறுப்பை நானேதான் கேட்டு வாங்கிக்கொண்டேன். என் மனைவிக்கு அரசாங்க அலுவலகத்தில் வேலை. ஒன்பது மணிக்கெல்லாம் கிழக்கேகோட்டை போய் பஸ் பிடித்தால்தான் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். எனக்கு முகூர்த்தம் இல்லாத நாட்களெல்லாம் வீடுதான். "சாப்பாடு என் டிபார்ட்மெண்ட். நீ ஆபீஸைப் பாரு" என்று அவளிடம் மார் தட்டிக்கொண்டேன். ஊருக்கே வயிறு நிறைய வைக்கிறவனுக்கு ஒரு சாண் வயிறு பெரிய காரியமா என்ற திமிர்.

இங்கே பரிமாறுவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் சமையல் பாதிதான். மீதி, பந்தி விசாரிப்பது. பந்தியில் உட்கார்ந்தவர் "போறும்" என்றால் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளவே கூடாது. முதல் போறும் மரியாதைக்குச் சொல்வது. இரண்டாவது கூச்சத்துக்கு. மூன்றாவது தடவை இலைக்கு மேல் கையைக் குறுக்கே வைத்தால்தான் நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அப்போதும் விரல் இடுக்கு வழியாக ஒரு சொட்டாவது விட்டுவிட்டுத்தான் நகர வேண்டும். முதல் போறுமுக்கே நகர்ந்துபோகிறவனைப் பெண்ணுக்கு அப்பா கூப்பிட்டு, "என்ன ஓய், வந்தவாளை அரை வயத்தோட எழுப்பறதா உத்தேசமா?" என்று மானத்தை வாங்கிவிடுவார். மலையாளிகள் "மதி, மதி" என்பார்கள். அவர்களுக்கும் இதே சட்டம்தான். இருபது வருஷமாக அந்த இரண்டு சொற்களையும் கேட்டுக் கேட்டு, கேட்காத மாதிரி இருக்க என் காது பழகிவிட்டிருந்தது.

அந்தக் காதோடுதான் நான் மகளுக்கு ஊட்ட உட்கார்ந்தேன்.

ஜன்னலில் தூக்கி வைத்துக்கொண்டு பஸ் காட்டுவேன், பூனை காட்டுவேன். இது அம்மாவுக்கு, இது அடுத்த வீட்டு மாமிக்கு, இது கல்யாண மாப்பிள்ளைக்கு என்று ஊரில் உள்ளவர்கள் பேரில் எல்லாம் உருண்டை போகும். போனில் பாட்டுப் போட்டு, அவள் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கும்போது உள்ளே தள்ளிவிடுவேன். முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அந்தப் பக்கம் போய் உட்காருவேன். உதட்டை இறுக்குவாள். மூக்கைக் கிச்சுக்கிச்சு மூட்டித் திறக்க வைப்பேன். "போறும் அப்பா" என்பாள். "ஒரே ஒரு வாய்டி செல்லம்" என்பேன். அந்த ஒரே ஒரு வாய் ஏழெட்டு வாய் வரைக்கும் போகும். விளையாட்டுப் பள்ளியில் மலையாளம் பழகிய பிறகு "மதி அச்சா" என்றும் சொல்லிப் பார்த்தாள். பாவம், எந்த பாஷையில் சொன்னால் இந்த மனுஷனுக்கு ஏறும் என்று பார்த்திருக்கிறாள். நான் அதற்கும் சிரித்துக்கொண்டு, மலையாளக்காரிக்கு ஒரு வாய் என்று ஊட்டினேன்.

பிறகு வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். ஊட்டி முடித்துக் கை கழுவுவதற்குள் எல்லாம் வெளியே வந்துவிடும். நான் விடுவேனா? வயிறு காலியாகிவிட்டதே என்று மறுபடி சாதம் பிசைவேன். எடை ஏறவில்லை. கிண்ணத்தில் கரண்டி படுகிற சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

இதெல்லாம்கூட எனக்கு உறைக்கவில்லை. ஒருநாள் ஒரு பூணூல் வேலை முடித்து மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். குழந்தை கூடத்தில் மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் வலது கையைப் பார்த்தாள். எட்டி, முதுகுக்குப் பின்னால் இருந்த இடது கையையும் பார்த்தாள். இரண்டிலும் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மடியில் வந்து உட்கார்ந்தாள்.

வாசலில் நின்று என் மனைவி இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவளுக்கு லீவு.

"ஏன்னா, கொழந்தை ஒங்களைக் கண்டு பயப்படறது. பாத்தேளா?"

"பயமா? நான் என்ன புலியா?"

"ஒங்க கையைக் கண்டு பயப்படறது."

எனக்கு வந்ததே கோபம். "பின்னே என்ன பண்ணச் சொல்றே? பட்டினி போடட்டுமா? நாளைக்கு நாலு பேர் என்ன சொல்லுவா?" என்று கத்தினேன். குழந்தை மடியிலிருந்து இறங்கிப் போய்விட்டாள். என் மனைவியும் அவள் பின்னாலேயே போனாள். நின்று பதில் சொல்லியிருந்தால் சண்டை போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அவள் போய்விட்டதால், என் பெண் என்னிடம் வருவதற்கு முன் சோதனை போடுகிறாள் என்பது நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது. இவள் பெரியவளான பிறகும் அப்பா என்றால் வாயில் எதையோ திணிக்க வருகிற ஆள் என்றுதானே நினைவிருக்கும் என்று நினைத்தேன். அன்று சாயங்காலமே டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் ஒரு மலையாளி அம்மாள். தமிழும் பேசுவார். குழந்தையைப் படுக்க வைத்து, வயிற்றைத் தட்டி, நாக்கைப் பார்த்து, எடை போட்டு முடித்தார்.

"குழந்தைக்கு அசுகம் ஒண்ணும் இல்லை, கேட்டோ. எடை கொஞ்சம் குறைவுதான். பக்ஷே, ஊட்டறதுக்காகப் பின்னாலே ஓட வேண்டா. என்ன கொடுக்கணும்னு நீங்க தீர்மானிங்க. எவ்வளவு சாப்பிடணும்னு அவள் தீர்மானிக்கட்டும்."

"ரெண்டரை வயசுக் குழந்தைக்கு அளவு எப்படி டாக்டர் தெரியும்?"

"பிறந்த அன்னைக்கே தெரியும். வயிறு நிறைஞ்சா பால் குடிக்கறதை நிறுத்திட்டுத் தலையைத் திருப்பலையா? அது யாரு சொல்லிக் கொடுத்தா? நாமளாத்தான் அதை மறக்க வைக்கறோம்."

நான் தலையை ஆட்டினேன். ஸ்கூட்டரில் திரும்பி வரும்போது வழி முழுவதும் முணுமுணுத்தேன். எனக்கே சாப்பாட்டைப் பற்றிப் பாடமா? மருந்து எழுதித் தருவார், பசிக்கு ஒரு டானிக் தருவார் என்று போனால், சும்மா இரு என்கிறார். இதற்கு ஒரு டாக்டர் எதற்கு? மறுநாள் காலையில் வழக்கம்போல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் குனிந்தேன்.

அடுத்த வாரத்திலேயே எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கல்யாணம். கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு மண்டபம், சமையல் நாங்கள். அன்றைக்குப் பார்த்து என் மனைவிக்குக் கொல்லத்தில் ஏதோ ட்ரெயினிங். குழந்தைக்கும் பள்ளி கிடையாது. பட்டுப்பாவாடை கட்டிவிட்டு என்னோடு கூட்டிக்கொண்டு போனேன். முதல் பந்தியில் அடுத்த வீட்டு மாமியின் பக்கத்தில், வரிசைக் கடைசியில் அவளை உட்கார வைத்தேன். மற்றவர்களுக்குப் போட்ட மாதிரியே அவளுக்கும் ஒரு முழு இலை. இலை அவளைவிட நீளம்.

பரிமாறிக்கொண்டே ஒரு கண் அவள்மேல் வைத்திருந்தேன். இஞ்சிப்புளியை ஒரு விரலால் தொட்டு நக்கினாள். முகம் கோணியது, உடம்பு சிலிர்த்தது. மறுபடி தொட்டு நக்கினாள். நேந்திரங்காய் உப்பேரி நாலைந்து துண்டு மொறுமொறுவென்று தின்றாள். பப்படத்தை நொறுக்கிச் சாதத்தில் போட்டு, பருக்கையை விட்டுவிட்டுப் பப்படத்தை மட்டும் பொறுக்கினாள். மாமி ஊட்டப் போனாள். "வேண்டாம் மாமி, அவளா சாப்பிடட்டும், பாயசத்துக்கு நான் வரேன்" என்று சைகை காட்டினேன்.

எங்கள் ஊர்ச் சாப்பாட்டில் போளியைப் பிய்த்துப் போட்டு அதன்மேல் பால் பாயசம் விட்டுச் சாப்பிடுவார்கள். மற்ற ஊர்க்காரர்களுக்கு அது விசித்திரமாக இருக்கும், சாப்பிட்டுவிட்டால் விடமாட்டார்கள். என் பால் பாயசத்துக்கு என்று ஒரு பேர் உண்டு. தூக்குவாளியும் கரண்டியுமாக வரிசையில் வந்தேன். "மதி, மதி" என்றவருக்கு ஒரு கரண்டி கூட. இலையைக் கையால் மூடிய ஒரு பெரியவருக்கு விரல் இடுக்கில் ஒரு சொட்டு. அவர் சிரித்தார், நான் சிரித்தேன், பந்தியே சிரித்தது. அப்படியே மகளிடம் வந்து சேர்ந்தேன்.

"போறும்" என்றாள்.

"இன்னும் விடவே இல்லையேடி, அதுக்குள்ள போறுமா?"

"மதி" என்றாள்.

"அப்பா பண்ணினதாக்கும். ஒரே ஒரு கரண்டி" என்று சொல்லிக்கொண்டே கரண்டியைத் தாழ்த்தினேன்.

அவள் அந்தப் பெரியவரைப் பார்த்தாள். அவரைப் போலவே இரண்டு கையையும் விரித்து இலைக்கு மேல் வைத்தாள். கை சின்னது. இலையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இடம் கிடந்தது. அதைப் பார்த்தாள், கரண்டியைப் பார்த்தாள். சட்டென்று குனிந்து, இரண்டு கையையும் அகல விரித்து, மாரும் கன்னமுமாக இலைமேல் கவிழ்ந்து படுத்துவிட்டாள். பட்டுப்பாவாடை முழுக்கச் சாம்பார்.

பந்தி முழுவதும் கொல்லென்று சிரித்தது. "மிடுக்கி!" என்று மெச்சினார் எதிர் வரிசையில் ஒரு மலையாளி. மாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் குழந்தை எழுந்திருக்கவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். தோள் இரண்டும் விறைத்துக் கழுத்தோடு ஒட்டியிருந்தன. எதற்கு இப்படி இறுகிக் கிடக்கிறாள் என்று ஒரு நொடி புரியவில்லை. பிறகு புரிந்தது. நான் பாயசத்தை ஊற்றிவிடுவேன் என்று காத்துக்கொண்டிருந்தாள். கொதிக்கிற பாயசத்தை, அவள் முதுகிலேயே.

என் அப்பா ஊற்ற மாட்டார் என்று அவளுக்குத் தோன்றவில்லை. ஊற்றுவார், வலிக்கும், இருந்தாலும் இலையை விடக்கூடாது என்று தீர்மானித்திருந்தாள்.

தூக்குவாளியைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு அவளைத் தூக்கினேன். கைகழுவுகிற இடத்துக்குக் கொண்டுபோய் முகத்தையும் பாவாடையையும் கழுவிவிட்டேன். "சரிடா கண்ணே. போறும். அப்பாவுக்குக் கேட்டுடுத்து. போறும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் நம்பினதாகத் தெரியவில்லை. எப்படி நம்புவாள்? அந்தக் கல்யாணத்தில் இரண்டாம் பந்தி பத்து நிமிஷம் தாமதம்.

மறுநாள் காலை கிண்ணத்தை எடுக்கவில்லை. தரையில் இரண்டு தட்டு வைத்தேன், ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. தோசையைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து அவள் தட்டில் போட்டுவிட்டு என் தோசையைச் சாப்பிட ஆரம்பித்தேன். கட்டிலுக்கு அடியிலிருந்து பார்த்தாள். மெல்ல வந்தாள். உட்கார்ந்தவுடனே, ஒரு துண்டைக்கூடத் தொடாமல், "போறும்" என்றாள். என்னை ஆழம் பார்க்கிறாள், கள்ளி.

தட்டை எடுத்துத் தள்ளி வைத்தேன்.

வாய் பிளந்து பார்த்தாள். "அப்பா, வை" என்றாள். வைத்தேன். "போறும்." எடுத்தேன். "வை." வைத்தேன். "போறும்." எட்டு தடவையோ ஒன்பது தடவையோ இது நடந்தது. கடைசியில் சிரித்துச் சிரித்துப் பின்பக்கமாக விழுந்துவிட்டாள். ஒரு துண்டு தோசை உள்ளே போகவில்லை.

ஆபீஸுக்குக் கிளம்பி நின்ற மனைவி கேட்டாள், "தாங்கறேளா?"

"தாங்கறேன்."

தாங்கவில்லை. உள்ளே போய், ஏற்கெனவே தேய்த்து வைத்திருந்த உருளியை எடுத்து இன்னொரு தடவை தேய்த்தேன்.

அந்த மாதம் முழுக்க அப்படித்தான் போயிற்று. ஒருநாள் இரண்டு டம்ளர் ரசம் மட்டும் குடிப்பாள். மறுநாள் மூன்று இட்லி தின்பாள், நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டு முகத்தை உம்மென்று வைத்திருப்பேன். அதற்கு அடுத்த நாள் அரைப் பழத்தோடு சரி. ஒரு வாரம் சேர்த்துப் பார்த்தால் குறைவாக ஒன்றும் சாப்பிடவில்லை என்று என் மனைவிதான் கண்டுபிடித்தாள். நான் ஒவ்வொரு வேளையையும் ஒரு கல்யாணமாக நினைத்திருக்கிறேன். இந்த வேளையில் விட்டதை அடுத்த வேளையில் அவள் வயிறே கேட்டு வாங்கிக்கொள்ளும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

வாந்தி நின்றது. அது எந்த நாள் நின்றது என்றுகூடக் கவனிக்கவில்லை.

இன்னொன்றும் தெரிந்தது. குழந்தைகள் என்றால் இனிப்பு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பால் பாயசத்துக்குப் பேர்போனவனின் பெண்ணுக்குப் பாயசமே பிடிக்காது. இஞ்சிப்புளி பிடிக்கும், புளிக்குழம்பு பிடிக்கும், மோர் புளித்திருந்தால்தான் குடிப்பாள். நாக்கு இந்த வயதிலேயே ஒரு கட்சியில் சேர்ந்துவிட்டது. பாவக்காய் வறுவல் எனக்குப் பிடிக்கும் என்பதால் தினமும் என் தட்டில் இருக்கும். அவளிடம் சாப்பிடு என்று ஒரு நாளும் சொல்லவில்லை. முதலில் உற்றுப் பார்த்தாள். நாலு நாள் கழித்து மோந்து பார்த்தாள். பிறகு ஒரு துண்டை வாயில் போட்டு, முகத்தைச் சுளித்து, எச்சிலோடு எடுத்து என் தட்டிலேயே மரியாதையாகத் திருப்பி வைத்தாள். நான் அதை எடுத்துத் தின்றேன். இப்படிப் பல நாள். ஒரு மத்தியானம் மென்று விழுங்கிவிட்டு, என் தட்டில் மிச்சமிருந்ததையும் எடுத்துக்கொண்டாள். எனக்கு ஒரு துண்டு வைக்கவில்லை, ராக்ஷசி.

நான் ஒன்றும் திருந்திய மகான் இல்லை. ஒருநாள் அவள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, நன்றாகப் பிசைந்த தயிர்சாத உருண்டையோடு என் கை தானாக அவள் வாய்ப் பக்கம் போய்விட்டது. பழக்கதோஷம். அவள் உதட்டை மூடிக்கொண்டாள். என் கை பாதி வழியில் நின்றது. அப்படியே திருப்பி என் வாயில் போட்டுக்கொண்டேன். அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டுத் தன் சாதத்தைத் தின்ன ஆரம்பித்தாள்.

கல்யாணப் பந்தியில் நான் பழைய ஆள்தான். அங்கே போறும் என்றால் இன்னும் ஒரு கரண்டி விழும், தொழில் தொழில்தான். ஆனால் எந்த இலைக்கு முன்னால் குழந்தை உட்கார்ந்திருந்தாலும் இப்போது முதல் போறுமுக்கே நகர்ந்துவிடுகிறேன். "என்ன ஓய், கொழந்தைக்கு விடலையா?" என்று சில அப்பாக்கள் கோபித்துக்கொள்கிறார்கள். "கேட்டா தரேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

மழைக்காலம் ஆரம்பித்த பிறகு ஒரு நாள். மறுநாள் முகூர்த்தத்துக்காகக் கூடத்தில் உட்கார்ந்து இளவன் நறுக்கிக்கொண்டிருந்தேன். வெள்ளைப் பூசணியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஓலன் கூட்டுக்கு அது ஒரே அளவில் விழ வேண்டும், அதனால் குனிந்த தலை நிமிரவில்லை. குழந்தை அடுத்த வீட்டில் விளையாடிவிட்டு வந்தாள். வந்து என் தோளைத் தட்டினாள்.

"அப்பா, பசிக்கறது."

கத்தி நின்றுவிட்டது. "என்னடி சொன்னே?"

"பசிக்கறது!" என்றாள், காது கேட்காத ஆளிடம் பேசுகிற எரிச்சலோடு. அதுவும் எனக்குப் புரியவில்லை என்று நினைத்து, சட்டையைத் தூக்கித் தொப்புளுக்கு மேலே உள்ளங்கையை வைத்துக் காட்டினாள். "இங்கே."

வாய் ஓயாமல் பேசுகிறவள் அவள். நாய்க்குப் பேர் வைப்பாள், அம்மாவை அதட்டுவாள், மழையைத் திட்டுவாள். ஆனால் இந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே கிடையாது. எப்படிக் கேட்டிருப்பேன்? விடிந்ததிலிருந்து கிண்ணத்தோடு பின்னாலேயே அலைந்தவன், பசிப்பதற்கு அந்த வயிற்றுக்கு ஒரு மணி நேரம்கூட விட்டுக்கொடுக்கவில்லை. என் குழந்தைக்கு மூன்று வயது ஆகப்போகிறது. அவளுக்குப் பசிக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். ஊரில் யார் யார் பசியெல்லாமோ ஆற்றியிருக்கிறேன். யாருக்கும் நான் இப்படி அழுததில்லை. நறுக்கிய இளவன் எல்லாம் கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். "இட்லி இருக்கு, தயிர்சாதம் இருக்கு. என்னடி வேணும் ஒனக்கு?"

கொஞ்சம் யோசித்தாள்.

"ரெண்டும்" என்றாள்.